‘அதிவேகமாகவும் அசாக்கிரதையாகவும்’: ஒரு தேய்ந்த தொடரின் வரலாறு

தமிழ்நாட்டின் எந்தக் காவல்நிலையத்திலாயினும் சாலை நேர்ச்சி (விபத்து) பற்றிய முதல் தகவல் அறிக்கை ஒன்றை எடுத்துப் படித்துப் பார்க்க. இறந்தவர் உழவராயினும் மாணவராயினும், மோதியது சரக்குந்தாயினும் ஈருருளியாயினும், நேர்ந்தது நண்பகலாயினும் நள்ளிரவாயினும், ஒரு தொடர் பெரும்பாலும் தவறாமல் கண்ணிற்படும்: “அதிவேகமாகவும் அசாக்கிரதையாகவும் ஓட்டிவந்து மோதி”. ஊர் மாறும்; பெயர் மாறும்; ஊர்தியின் எண் மாறும். இத்தொடர் மட்டும் மாறாது. 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் பதிவான சாலை நேர்ச்சிகள் 64,105. ஒன்றியத்தின் மாநிலங்கள் அனைத்தினும் இதுவே மிகுதி. இறந்தோர் 17,884 பேர். உத்தரப்பிரதேசம் ஒன்றே இவ்வெண்ணிக்கையில் தமிழ்நாட்டை முந்தியது. இத்தனை ஆயிரம் சாவுகளும் ஒரே வகையில் நேர்ந்தனவா? அன்றி, ஒரே வகையில் எழுதப்பெற்றனவா? இவ்வினாவைக் கேட்பார் இலர்.

இத்தொடர் தமிழ்மக்கள் வாயில் பிறந்ததன்று. மகனைச் சாலையிற் பறிகொடுத்த தாய் எவளும் “அசாக்கிரதையாக” என்று சொல்லி அழமாட்டாள். கண்மண் தெரியாமல் வந்தான் என்பாள்; விளக்கே இல்லாமல் வழியில் நிறுத்தியிருந்தான் என்பாள்; குழியில் இறங்கி ஏறும்போது சாய்ந்துவிட்டது என்பாள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கரணியத்தை (காரணத்தை)ச் சுட்டும் தமிழ். இத்தனையும் காவல்நிலைய மேசையைக் கடக்கையில் ஒரே அச்சில் வார்க்கப்பெற்று, இரு வடசொல்லாக வெளிவருகின்றன. வடசொல் கலந்தது என்பது மட்டுமே குற்றமாயின் அதனை மொழிக்குற்றம் என்று விட்டுவிடலாம். இங்கு நடப்பது அதனினும் கொடியது. இத்தொடர் பிழையான மொழிபெயர்ப்பு. அப்பிழை எண்ணாகி, எண் புள்ளித்தொகையாகி, புள்ளித்தொகை அரசின் கொள்கையாகி நிற்கின்றது.

பிழை யாங்ஙனம் நேர்ந்தது? 1860-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 279-ஆம் பிரிவு, பொதுவழியில் மனிதவுயிர்க்கு இடர் விளையுமாறு ஊர்தி ஓட்டுவதைக் குற்றமாக்கியது. அவ்வாறு ஓட்டுதலைக் குறிக்க அச்சட்டம் இரண்டு ஆங்கிலச் சொற்களை ஆண்டது. முதற்சொல்லின் பொருள், விளைவை எண்ணாத துடுக்கு. இரண்டாவதன் பொருள், காட்டவேண்டிய விழிப்பைக் காட்டாமை. இரண்டில் எதிலும் விரைவு என்னும் பொருள் இல்லை. ஆள் நடக்கும் விரைவிற் பின்னோக்கிச் சரக்குந்தை நகர்த்திக் குழந்தையை நசுக்குபவனும் அப்பிரிவுக்குள் அடங்குவான். ஒழிந்த சாலையில் விரைந்து சென்றும் ஒருவர்க்கும் தீங்கு நேராவகையில் ஓட்டுபவன் அதற்குள் அடங்காமலும் போகலாம். துடுக்கு என்று பெயர்த்திருக்கவேண்டிய இடத்தில் ‘அதிவேகம்’ என்று எவரோ ஓர் எழுத்தர் எழுதினார். எழுதியதைப் பார்த்து அடுத்தவர் எழுதினார். வடபுலத்து இந்தி அறிக்கைகளிலும் இதே இணைதான்: விரைவு, பராமுகம். ஆக, இப்பிழை தமிழ்நாட்டோடு நிற்கவில்லை.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. சட்டத்தில் அவ்விரு சொற்களுக்கும் இடையே நிற்பது ‘அல்லது’. காவல்நிலையத் தொடரில் நிற்பதோ எண்ணும்மை: அதிவேகமாக-உம், அசாக்கிரதையாக-உம். இரண்டில் ஒன்று இருந்தாற் போதும் என்றது சட்டம். இரண்டும் இருந்தன என்று அடித்துச் சொல்கின்றது அறிக்கை. நேரிற் காணாதவர், நேர்ச்சி முடிந்தபின் வந்தவர், ஊர்தியின் விரைவை அளக்கக் கருவி எதுவும் கையில் இல்லாதவர், இரண்டையும் எங்ஙனம் அறிந்தார்? இடைச்சொல் ஒன்றை மாற்றினால் ஒருவன் வழக்கே மாறும் என்பதை இலக்கணம் கற்றார் அறிவர்.

இனி, அவ்வறிக்கையின் அமைப்பைக் காண்க. பதினைந்து கட்டங்கள் கொண்டது அது. மாவட்டம், காவல்நிலையம், ஆண்டு, எண், நாள் என்பவை முதற்கட்டம். சட்டமும் பிரிவும் இரண்டாங்கட்டம். நிகழ்ந்த நாளும் பொழுதும் மூன்றாவது. இடம் ஐந்தாவது, அதிலும் காவல்நிலையத்திலிருந்து எத்திசை, எவ்வளவு தொலைவு என்று கேட்கப்பெறும். ஒன்பதாவதும் பத்தாவதும் களவுபோன பொருள்களின் விளத்தமும் அவற்றின் மொத்த மதிப்பும். சாலையில் தலைசிதைந்து இறந்தவனுக்கு எழுதப்பெறும் தாளிலும் களவுபோன பொருளுக்கு இரண்டு கட்டங்கள் உண்டு. சாலைக்கு ஒரு கட்டமும் இல்லை. திருடனைப் பிடிக்க வகுத்த தாள் அது. திருட்டில் ஒரு திருடன் இருப்பான். எனவே நேர்ச்சியிலும் ஒரு குற்றவாளி இருக்கவேண்டும், ஒருவனே இருக்கவேண்டும் என்பது அத்தாளின் கட்டளை. நடந்தது என்ன என்பதைச் சொல்லும் இடம் பன்னிரண்டாங்கட்டம். இரண்டாங்கட்டத்தில் பிரிவின் எண்ணை எழுதியபின் பன்னிரண்டாங்கட்டத்தில் நிகழ்ச்சியை எழுதினால், நிகழ்ச்சி எண்ணுக்கு ஏற்ப வளையுமேயன்றி, எண் நிகழ்ச்சிக்கு ஏற்ப வளையாது.

அவ்வெண்களும் 2024 சூலை 1 முதல் மாறின. 279 என்பது 281 ஆயிற்று. சிறுகாயத்துக்குரிய 337-உம் கொடுங்காயத்துக்குரிய 338-உம் 125-ஆம் பிரிவின் உட்கூறுகள் ஆயின. சாவுக்குரிய 304-அ, 106(1) ஆயிற்று. அதற்குரிய சிறைத்தண்டம் ஈராண்டு என்பது ஐந்தாண்டாக உயர்ந்தது. கொடுங்காயம் என்று கொள்ளுதற்கு இருபது நாள் துன்புறவேண்டும் என்றிருந்தது பதினைந்து நாளாகக் குறைந்தது. இம்மாற்றங்கள் சிலவற்றில் நன்மையும் உண்டு. ஆனால் புதுச்சட்டத்தின் பெயரோ ‘பாரதிய நியாய சங்கிதை’! ஆங்கிலேயன் பெயரை ஒழிக்கின்றோம் என்று முழங்கியவர்கள், தமிழ்க் காவலர் நாவில் நுழையாத பெயரைக் கொண்டுவந்து வைத்தார்கள். பெயர் மாறியது, எண் மாறியது, “அதிவேகமாகவும் அசாக்கிரதையாகவும்” மட்டும் மாறவில்லை.

செஞ்சியையே எடுத்துக்கொள்க. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகக் கிருட்டிணகிரி செல்லும் நெடுஞ்சாலை செஞ்சி நகரைக் கடந்து, கோட்டை மலைகளுக்கு இடையே புகுந்து செல்கின்றது. 66 என்னும் எண் பெற்றிருந்த அச்சாலை, 2010-ஆம் ஆண்டு எண்மாற்றத்தால் 77 ஆயிற்று. பழைய பதிவேட்டில் ஓர் எண், புதிய பதிவேட்டில் வேறோர் எண். ஒரே வளைவில் இருபது ஆண்டுகளில் எத்தனை பேர் மாண்டனர் என்று கணக்கிடப் புகுவார்க்கு முதல் முட்டுக்கட்டை இதுவே. முழுநிலா நாளில் திருவண்ணாமலைக்கு மலைவலம் செல்வாரும், மறைநிலா நாளில் மேல்மலையனூர் அங்காளம்மன் கோவிலுக்குச் செல்வாருமாக, நிலவு நிறைந்தாலும் மறைந்தாலும் செஞ்சிச் சாலைகளுக்கு உறக்கமில்லை. அவற்றோடு கரும்பேற்றிய இழுவை ஊர்திகளும் நெல்மூட்டை வண்டிகளும் செல்லும். அறுவடைக் காலத்தில் சாலையோரமே களமாகித் தவசம் காய்வதும் இவ்வட்டாரத்தார் அறிந்ததே.

முழுநிலா நாளிரவு பதினொரு மணிக்கு, கரும்பேற்றிய இழுவை ஊர்தி ஒன்று பின்விளக்கின்றி, பாதி சாலையில் ஏறி நிற்கின்றது என்று வைத்துக்கொள்க. அவ்விடத்தில் தெருவிளக்கு இல்லை. எதிரே வரும் பேருந்தின் ஒளி கண்ணைப் பறிக்கின்றது. ஈருருளியில் வந்த இளைஞன் இழுவை ஊர்தியின் பின்புறம் மோதி அங்கேயே இறக்கின்றான். இந்நிகழ்ச்சியை முறையாக எழுதின், விளக்கின்றி நிறுத்தியவன் ஒரு கரணியம். விளக்கமைக்காத துறை ஒரு கரணியம். கண்கூசும் ஒளி ஒரு கரணியம். இளைஞனின் விரைவும் ஒரு கரணியமாக இருக்கலாம். அறிக்கை எழுதுவார்க்குக் கைவந்த தொடரோ ஒன்றே. அத்தொடர் இளைஞன்மேல் விழுந்தால், இறந்தவனே குற்றவாளி. குற்றவாளி இறந்தமையால் வழக்கு முடிவுற்றது என்று தாள் மூடப்பெறும்.

அதன்பின் அவன் பெற்றோர் இழப்பீடு கேட்டு முறைமன்றம் செல்வர். தானே தவறாக ஓட்டித் தானே இறந்தவனுடைய குடும்பம் காப்பீட்டு நிறுவனத்தின்மேல் இழப்பீட்டு வழக்கு நடத்தி வெல்ல இயலாது என்பதை இந்தியத் தலைமை வழக்குமன்றம் (உச்சநீதிமன்றம்) 2025 சூலையிலும் உறுதிப்படுத்தியது. ஆகவே, எழுத்தர் கைப்பழக்கத்தால் விழுந்த இரண்டு சொல், ஈட்டுவாரை இழந்த ஒரு வீட்டின் வாழ்வையே அடைத்துவிடக்கூடும். முறைமன்றம் வேறு சான்றுகளையும் நோக்கும் என்பது உண்மை. ஆயினும், அரசுத்தாளில் முதலில் எழுதியதை மறுத்துச் சான்று காட்டும் சுமை யார்மேல் விழுகின்றது? வழக்கறிஞர்க்குக் கொடுக்கப் பணமில்லாத தாய் தந்தையர்மேல் அன்றோ?

சரி, இத்தொடர் உண்மைக் குற்றவாளியையாவது தண்டிக்கின்றதா என்றால் அதுவும் இல்லை. கருநாடக அரசு எதிர் சதீசு என்னும் வழக்கில் 1998-இல் தலைமை வழக்குமன்றம் தெளிவாகத் தீர்ப்புரைத்தது: மிகுவிரைவு என்பது ஒன்றை நோக்கி ஒன்றைச் சொல்லும் சார்புச்சொல், மிகுவிரைவாக ஓட்டினான் என்று மட்டும் சான்றாளர் சொல்லிவிடுவதால் துடுக்கோ விழிப்பின்மையோ மெய்ப்பிக்கப்பெற்றதாகாது. சரக்குந்து கவிழ்ந்து உயிர்ப்பலி நேர்ந்த அவ்வழக்கில் ஓட்டுநர் விடுவிக்கப்பெற்றார். கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் அத்தீர்ப்பு காவல்நிலைய மேசையைச் சென்றடையவில்லை போலும். வழக்குமன்றம் பொருளற்றது என்று தள்ளிய சொல்லையே முதற்சொல்லாக எழுதிக்கொண்டிருக்கின்றார்கள். குற்றமற்றவனைக் குற்றவாளியாக்கவும், குற்றவாளியை விடுவிக்கவும் ஒரே தொடர் உதவுகின்றது எனின், அதனைக் காப்பாற்றி வைத்திருப்பது யாருக்காக?

அத்தாள் அங்கு நிற்பதில்லை. அது குறியீடாகின்றது. 2017-இல் நடுவணரசின் சாலைப் போக்குவரத்துத் துறை, தொழில்நுட்பக் கழகங்களின் அறிஞர்களும் உலக நலவாழ்வு நிறுவனத்தாரும் இடம்பெற்ற குழுவைக்கொண்டு, நேர்ச்சிப் பதிவுக்கென ஐந்து பகுதிகள் கொண்ட படிவத்தை நடைமுறைப்படுத்தியது. நேர்ச்சியின் அடையாளம் முதற்பகுதி, சாலை இரண்டாவது, ஊர்தி மூன்றாவது, ஓட்டுநர் நான்காவது, ஏனையோர் ஐந்தாவது. 2021-இல் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில், உலக வங்கியின் உதவியோடு, ஒருங்கிணைந்த சாலை நேர்ச்சித் தரவுத்தளம் என்னும் கணினிமுறை முதலில் தொடங்கப்பெற்றது. அதனை உருவாக்கியது சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகம். காவலர் கைப்பேசியில் இடத்தைக் குறித்துக் கட்டங்களை நிரப்பினால், நெடுஞ்சாலைத்துறையும் போக்குவரத்துத்துறையும் மருத்துவத்துறையும் அவரவர் பங்கைச் சேர்க்கவேண்டும் என்பது அதன் ஏற்பாடு. நோக்கம் நன்று. முதல் தகவல் அறிக்கையில் இல்லாத சாலைக்கு இங்கே ஒரு பகுதி கிடைத்தது. அதற்காக அக்குழுவைப் பாராட்டவேண்டும்.

ஆனால், அக்கட்டங்களை நிரப்புபவர் அறிக்கை எழுதிய அதே காவலர். அவர் கையிலுள்ளது அதே தொடர். மோதலின் வகை: நேருக்குநேர், பின்புறம், பக்கவாட்டு, நின்ற ஊர்திமேல், கவிழ்தல், சாலையை விட்டு விலகல், இன்ன பிற. சாலையின் இயல்பு: நேர்சாலை, வளைவு, பாலம், சிறுபாலம், குழி, செங்குத்து, பணி நடக்குமிடம், பிற. வானிலை: தெளிவு, மழை, மூடுபனி, ஆலங்கட்டி. விதிமீறல்: மிகுவிரைவு, குடி, எதிர்ப்புறம் ஓட்டல், சிவப்புவிளக்கு மீறல், கைப்பேசி, பிற. இவற்றுள் ஒவ்வொன்றைத் தெரிவு செய்யவேண்டும். மேற்சொன்ன செஞ்சி இளைஞனின் சாவு இக்கட்டங்களில் எவ்வாறு அமையும்? நின்ற ஊர்திமேல் மோதல், நேர்சாலை, தெளிந்த வானம், மிகுவிரைவு. தனித்தனியே பார்த்தால் முதல் மூன்றும் மெய். சேர்த்துப் பார்த்தால் முழுப்பொய். ஆலங்கட்டி மழைக்கு ஒரு கட்டம் கொடுத்த பட்டியல், சாலையில் காயும் தவசத்துக்கு ஒன்று கொடுக்கவில்லை. செஞ்சி வட்டத்து உழவர் எவரேனும் ஒருவரைக் கேட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பார். அதில் சறுக்கி விழுந்தவன் சாவு ‘பிற’ என்னும் குப்பைத்தொட்டியில் விழும். அல்லது மீண்டும் மிகுவிரைவுக்குப் போகும்.

இனிப் புள்ளித்தொகையைப் பார்க்க. 2022-இல் ஒன்றியம் முழுதும் சாலையில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் நூற்றுக்கு எழுபதின்மருக்கு மேல் மிகுவிரைவால் இறந்தனர் என்கின்றது நடுவணரசின் ஆண்டறிக்கை. சாலைக்குழியால் இறந்தோர் என்று அவ்வறிக்கை காட்டுவது 1,856 பேரை. நடந்து சென்றோர் மட்டும் ஏறத்தாழ முப்பத்து மூவாயிரவர் மாண்டனர். விரைவு கொல்லும் என்பதை மறுப்பார் இலர். விரைவு மிக மிக மோதலின் வலிமை பன்மடங்கு ஏறும் என்பது இயற்பியல். ஐயம் விரைவைப் பற்றியதன்று; அவ்வெண்ணைப் பற்றியது. அவ்வெழுபதில் எவ்வளவு உண்மையான விரைவு, எவ்வளவு தேய்ந்த தொடரின் எதிரொலி? பிரித்தறிய வழியே இல்லை. ஏனெனில், விரைவை ஒருவரும் அளக்கவில்லை. தொடரை எழுதினார்கள், தொடரை எண்ணினார்கள். எண்ணியதை வைத்துக்கொண்டு, “ஓட்டுநர்கள் திருந்தவேண்டும்” என்று சாலையோரம் பலகை நடுகின்றார்கள். பலகைக்குப் பின்னால் குழி அப்படியே கிடக்கின்றது. சாலையைத் தவறாக வகுத்த, கட்டிய, பேணாது விட்ட ஒப்பந்தக்காரர்க்கும் பொறுப்பாளர்க்கும் ஓர் இலக்கம் உருபா வரை தண்டம் விதிக்க, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் 198-அ என்னும் பிரிவு சேர்ந்தது. முதல் வரியிலேயே ஓட்டுநரைக் குற்றவாளியாக்கி முடித்த தாளில் அவ்வெண்ணை எழுத இடம் ஏது?

வேறு நாட்டார் இதனை எங்ஙனம் செய்தனர்? பிரித்தானியாவில் காவல்துறையின் நேர்ச்சிப் படிவம் 2005 முதல் பல்லாண்டுகள், ஒரு நேர்ச்சிக்கு ஆறு கரணியங்கள் வரை குறிக்க இடந்தந்தது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘மிகவும் வாய்ப்புடையது’ என்றோ ‘இருக்கக்கூடும்’ என்றோ காவலர் குறிக்கவேண்டும். சாலையின் அமைப்பும் வழுக்கலும் அக்கரணியப் பட்டியலிலேயே இருந்தன. அறியாததை அறியாதது என்று எழுதவிடும் படிவம் அது. குற்றம் யாருடையது என்பது வேறு தாள். ஏன் நேர்ந்தது என்பது வேறு தாள். 2001-இல் பிரித்தானிய மருத்துவ இதழ், தற்செயல் என்னும் பொருள்நிழலுடைய ஆங்கிலச் சொல்லையே இவ்வகை நிகழ்ச்சிகளுக்கு ஆள்வதில்லை என்று முடிவு செய்தது. சொல்லில் என்ன இருக்கின்றது என்பார் இதனை எண்ணுக. தனித்தமிழார் வழங்கும் ‘நேர்ச்சி’ என்னும் சொல்லுக்கும் அக்குறை உண்டு. தானே நேர்ந்தது என்னும் சாயல் அதில் இருக்கின்றது. பொதுப்பெயராக அதனை வைத்துக்கொண்டு, உள்ளே மோதல், கவிழ்தல், சறுக்கல், உராய்தல் என்று நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே எழுதுவதே முறை. அதற்கு வேண்டிய வினைச்சொற்களுக்குத் தமிழில் பஞ்சமில்லை.

ஒரு நேர்ச்சி வழக்கின் கட்டை அவிழ்த்துப் பார்ப்பவன் செஞ்சிக்கோட்டையைச் சுற்றிப் பார்ப்பவனை ஒத்தவன். கோட்டையில் நாயக்கர் கட்டிய களஞ்சியம். 1649-இல் வந்த பீசப்பூரார் சுவடு. 1677-இல் வந்த சிவாசி வலுப்படுத்திய மதில். 1698-இல் முகலாயர், 1750-இல் பிரெஞ்சியர், 1761-இல் ஆங்கிலேயர். வழக்குக்கட்டிலும் அப்படியே: வடமொழியில் ‘அசாக்கிரதை’, அரபுவழி வந்த ‘பார்வை மகசர்’, ஆங்கிலச் சட்டத்தின் எண், இன்று தில்லியிலிருந்து வந்த ‘சங்கிதை’. ஆண்டவர் ஒவ்வொருவரும் ஒரு சொல்லை விட்டுச் சென்றிருக்கின்றார்கள். 2025 சூலையில் செஞ்சிக்கோட்டை உலக மரபிடமாக ஏற்கப்பெற்றது, தமிழர்க்கு மகிழ்ச்சியே. ஆனால் எத்தலைப்பின்கீழ்? ‘மராத்தியப் படைநிலங்கள்’ என்னும் பன்னிரு கோட்டைத் தொகுதியில், மகாராட்டிரத்துக்கு வெளியே உள்ள ஒரே கோட்டையாக! ஏறத்தாழ இருபதாண்டு ஆண்டவர் பெயர் தலைப்பாயிற்று. பல நூற்றாண்டு வரலாறு அடிக்குறிப்பாயிற்று. தலைப்பிடும் உரிமையைப் பிறர் கையிற் கொடுத்தால் இதுதான் நடக்கும், கோட்டைக்கும் சாவுக்கும்.

இதனினும் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. 2022 ஏப்பிரல் 1 முதல், நேர்ச்சி வழக்குகளுக்கென நடுவணரசு புதுப்படிவங்களை நடைமுறைப்படுத்தியது. நாற்பத்தெட்டு மணிநேரத்துக்குள் முதல் நேர்ச்சி அறிக்கை; ஐம்பது நாளுக்குள் இடைக்கால அறிக்கை; தொண்ணூறு நாளுக்குள் விரிவான அறிக்கை. இவை இழப்பீட்டு முறைமன்றத்துக்குச் செல்லவேண்டும். ஓட்டுநர் நிரப்ப ஒன்று, உடைமையாளர் நிரப்ப ஒன்று, துன்புற்றோர் நிரப்ப ஒன்று. அவற்றுள் இரண்டாம் படிவம் துன்புற்றோரின் உரிமைகளை அவர்க்கே எடுத்துச்சொல்வது. ஏழைக்காக வகுத்த நல்ல ஏற்பாடு. ஆனால் அரசிதழில் அது வெளிவந்த மொழிகள் இந்தியும் ஆங்கிலமும். அதே ஆண்டு திசம்பர் 15-இல், கோகர் முகமது வழக்கில் தலைமை வழக்குமன்றம் இவ்விதிகளைச் செயற்படுத்த விரிவான கட்டளைகள் இட்டது. அக்கட்டளைகளுள் ஒன்று, இத்தாள்கள் வட்டார மொழியிலோ ஆங்கிலத்திலோ வழங்கப்பெறலாம் என்பது.

ஓகாரம் இரண்டு! தண்டனைச் சட்டத்தின் ‘அல்லது’வை ‘உம்’ ஆக்கிய அதே அலுவலகங்கள், இந்த ‘அல்லது’வை மட்டும் ‘அல்லது’வாகவே வைத்துக்கொள்ள எவ்வளவு இடமிருக்கின்றது என்று பார்க்க. இரண்டில் எது எளிதோ அதனையே அலுவலகம் தேரும். அச்சாகி வந்தது எளிது, மொழிபெயர்ப்பது அரிது. தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956-லேயே வந்துவிட்ட நாட்டில், உரிமையைச் சொல்லும் தாளை உரியவன் மொழியில் தருவது அலுவலரின் விருப்பத்துக்கு விடப்பெற்றது. அவலூர்ப்பேட்டையிலிருந்தோ வல்லத்திலிருந்தோ வரும் கைம்பெண் அதனைக் கையிற் பெற்றுக்கொண்டு, யாரிடம் படிக்கக் கொடுப்பாள்? இழப்பீட்டில் பங்கு கேட்கும் இடைத்தரகனிடந்தான்.

ஒன்றியம் முழுதும் ஒரே தரவுத்தளம் வேண்டுமாயின் ஆங்கிலம் தவிர்க்கவொண்ணாதது என்று சிலர் கூறுவர். குறியீடு இன்னதென்றே அறியாதார் கூற்று அது. குறியீடு என்பது எண். வளைவுக்கு இரண்டு, குழிக்கு ஐந்து என்று வைத்தால் அவ்வெண்ணுக்கு மொழி இல்லை. அதன் பக்கத்தில் எழுதியிருக்கும் பெயருக்கே மொழி உண்டு. செஞ்சிக் காவலர் கண்ணுக்கு ‘வளைவு’ என்று தெரிந்து, தில்லிக் கணினிக்கு ‘2’ என்று சென்றால் யாருக்கு என்ன குறை? எழுத்தை எண்ணாக்குவதே குறியீட்டின் பயன். அப்பயனைக் கொண்டே தமிழைத் தடையின்றிப் புகுத்தலாம். காவலர்க்குப் பணிச்சுமை மிகுதி, ஒவ்வொரு நேர்ச்சிக்கும் புதுத்தொடர் எழுத நேரமேது என்பார் கூற்றில் ஓரளவு உண்மையுண்டு. நள்ளிரவில் சாலையில் நின்று, உடலை அப்புறப்படுத்தி, போக்குவரத்தைச் சரிசெய்து, விடியலில் தாளெழுதும் காவலரைக் குறைகூறுவது இங்கு நோக்கமன்று. அவர் கையில் நல்ல தொடர்களைக் கொடாமல், தேய்ந்த ஒன்றைக் கொடுத்து வைத்திருக்கும் மேலிடமே குறைகூறத்தக்கது.

செய்யவேண்டுவன சிலவே. காவல்துறைத் தலைமை ஓர் ஆணையால் அத்தொடரை முதல் தகவல் அறிக்கையிலிருந்து விலக்கலாம்; “கண்டவர் சொன்னவாறு எழுதுக; காணாததை எழுதற்க” என்பது ஒரு வரி ஆணை. நேர்ச்சிக் கட்டங்கள் அனைத்துக்கும் தமிழ்ப்பெயர் வகுக்கத் தமிழறிஞரும் சாலைப் பொறியாளரும் காவலரும் ஒரு திங்கள் கூடியிருந்தாற் போதும். சாலையில் காயும் தவசமும் விளக்கின்றி நிற்கும் இழுவை ஊர்தியும் அப்போது ‘பிற’வை விட்டு வெளிவரும். இரண்டாம் படிவத்தைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு காவல்நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் அடுக்கி வைப்பதற்குப் பெருஞ்செலவில்லை.

அதுவரை மக்கள் தம் உரிமையைத் தாமே கேட்டுப் பெறவேண்டும். புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவுப்படி, வாய்மொழியாகச் சொன்னதை எழுதியபின், சொன்னவர்க்குப் படித்துக்காட்டியே கையொப்பம் வாங்கவேண்டும். அறிக்கையின் படியை முறையிட்டவர்க்கோ துன்புற்றவர்க்கோ கட்டணமின்றிக் கொடுக்கவேண்டும். செஞ்சியிலாயினும் வேறெங்காயினும், தம் உறவினரைச் சாலையில் இழந்து காவல்நிலையம் செல்வோர் துயரத்தின் நடுவே ஒன்றை மறவாது செய்க: படிக்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்க. பன்னிரண்டாங்கட்டத்தை அவர் உரக்கப் படிக்கட்டும். தாம் சொல்லாத ‘அதிவேகமாகவும் அசாக்கிரதையாகவும்’ அதில் இருந்தால், அதனை அடித்துவிட்டுத் தாம் கண்டதைத் தம் சொல்லில் எழுதச் சொல்க. கையொப்பத்துக்கு உரியது பதினான்காங்கட்டம். அதற்கு முன் இது முடிந்திருக்கவேண்டும்.